முதல் தடவை சத்தமில்லாமல்

உட்காருங்க ஆன்ட்டி, இந்தப் பையை எடுத்துக்கறேன். பரவாயில்லை, பாப்பா தூங்கறா, அவ்வளவு சுலபத்துல எழுந்திருக்க மாட்டா. இப்ப மாடிக்குப் போனது உங்க பொண்ணா? பச்சைச் சுடிதார்? பரீட்சையை நல்லாப் பண்ணிடுவாங்க, முகத்துல பயமே இல்லையே. என்னைப் பாருங்க, விடியற்காலையில திருச்சியில ரயில் ஏறினதிலிருந்து கை சில்லுன்னு கிடக்கு. இந்தச் சென்னை வெயில்ல. தொட்டுப் பாருங்களேன்.

ஆமா, என் குழந்தைதான். செலின்னு பேரு, ஒன்றரை வயசு. என் குழந்தைதான் ஆன்ட்டி. கேட்டுல செக்யூரிட்டியும் இதையேதான் கேட்டார், "உங்க குழந்தையாம்மா?"ன்னு. அவர் சும்மாதான் கேட்டிருப்பார். நான் உடனே பையைத் திறக்கப் போயிட்டேன். பிறப்புச் சான்றிதழ் கொண்டுவந்திருக்கேன், தடுப்பூசி அட்டை கொண்டுவந்திருக்கேன், ஞானஸ்நானத்தப்ப எடுத்த போட்டோகூட இருக்கு. ரயில்ல யாராவது கேட்டா காட்டலாம்னு. யார் கேட்கப் போறாங்க சொல்லுங்க. ஆனாலும் பையோட பக்கவாட்டு ஜிப்புல, கைக்கு எட்டற மாதிரி வெச்சிருக்கேன்.

என்கூடப் படிக்கற தாமரைச்செல்வி முதல் குழுவுல போயிருக்கா. நர்ஸு. அவ இறங்கி வந்ததும் பாப்பாவை வாங்கிப்பா, நான் மேல போவேன், அப்படித்தான் ஏற்பாடு. இன்னும் காணோம். அவ வர்றதுக்குள்ள என்னைக் கூப்பிட்டுட்டா என்ன பண்றதுன்னு...

இதோ, போன். இல்லை ஆன்ட்டி, எடுக்க வேண்டாம். ஆக்னஸ் அக்கா. என் வீட்டுக்காரரோட அக்கா. காலையிலிருந்து அடிச்சுக்கிட்டே இருக்காங்க. அடிக்கட்டும், ஓய்ஞ்சுடும்.

தப்பா நினைச்சுக்காதீங்க. அக்கா தங்கமானவங்க. எங்க வீட்டுல எல்லாருமே தங்கமானவங்கதான். ஒருத்தர் என்னை அடிச்சாங்க, திட்டினாங்கன்னு இருந்தா எங்கம்மாகிட்டயாவது சொல்லி அழுவேன். சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லை. அதுதான் பயமா இருக்கு.

என் வீட்டுக்காரர் ஜெர்மனியில இருக்கார். ஸ்டுட்கார்ட், மெஷின் கம்பெனி. பாப்பா வயித்துல இருக்கறப்பவே போயிட்டார். பொண்டாட்டி அங்க போகணும்னா முதல்ல இந்த ஜெர்மன் பரீட்சை பாஸ் பண்ணணும், உங்களுக்குத்தான் தெரியுமே. நான் திருச்சி பாலக்கரையில மாமியார் வீட்டுல இருக்கேன். மாமியார், ஆக்னஸ் அக்கா, நான், பாப்பா, அவ்வளவுதான். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அவங்க வீட்டுக்காரர் தவறினதும் அம்மா வீட்டோட வந்துட்டாங்க.

நான் கான்வென்ட்ல படிச்சவ ஆன்ட்டி. வாயில விரல் வைன்னு சிஸ்டர் சொன்னா, எடுன்னு சொல்ற வரைக்கும் எடுக்க மாட்டேன். மத்த பிள்ளைங்க எடுத்துட்டு விளையாடப் போயிடும், நான் நின்னுக்கிட்டிருப்பேன். எல்லாப் பாடமும் மனப்பாடம். இங்கிலீஷே அப்படித்தான் வந்தது. யாராவது கேட்டா பதில் சொல்லுவேன். நானா எதையும் கேட்டதில்லை. கேட்கற பழக்கமே இல்லை.

இந்த ஜெர்மன் வகுப்புல பூர்ணிமா மிஸ் முதல் நாளே புத்தகத்தை மூடச் சொல்லிட்டாங்க. புத்தகம் இல்லாம எதை மனப்பாடம் பண்றது? சுவர்ல ஒரு வீடியோ போட்டாங்க. ஒரு ரொட்டிக்கடை. வயசானவர் ஒருத்தர் உள்ள வர்றார், கடைக்காரப் பொண்ணுகிட்ட ஏதோ கேட்கறார், அவ விரலை ஆட்டி ஏதோ சொல்றா, அவர் வெறுங்கையோட வெளியில போறார். சத்தமே இல்லை. மிஸ்தான் சத்தத்தை நிறுத்தி வெச்சிருக்காங்க. "என்ன நடந்தது? தெரிஞ்ச நாலு வார்த்தையில சொல்லுங்க, தப்பானாலும் பரவாயில்லை"ன்னாங்க.

தாமரைதான் முதல்ல வாயைத் திறந்தா. "ஊமைப் படம் பார்க்கவா மிஸ் லால்குடியிலிருந்து ரெண்டு பஸ் மாறி வர்றேன்?"

"அங்க போய் இறங்கினா கொஞ்ச நாளைக்கு உனக்கு எல்லாமே ஊமைப் படம்தான் தாமரை"ன்னாங்க மிஸ். "மூஞ்சியையும் கையையும் பார்த்துப் புரிஞ்சுக்க இப்பவே பழகு."

என்னைக் கேட்டாங்க. அந்தப் பொண்ணுக்குக் கோபம், அவரைத் துரத்திட்டான்னு சொன்னேன். எல்லாரும் ஆமா ஆமான்னாங்க. அப்புறம் மிஸ் சத்தத்தோட திரும்பப் போட்டாங்க. அவர் கேட்ட ரொட்டி தீர்ந்துபோச்சாம். நாளைக்கு உங்களுக்குன்னு ஒண்ணு எடுத்து வைக்கறேன், மறக்காம வாங்கன்னு அந்தப் பொண்ணு சொல்றா. கோபமும் இல்லை ஒண்ணும் இல்லை. "முதல் தடவை சத்தமில்லாம, ரெண்டாவது தடவை சத்தத்தோட. ரெண்டும் பார்த்தாத்தான் பாடம்"னு மிஸ் அடிக்கடி சொல்லுவாங்க.

எனக்கு அந்த முதல் தடவை நல்லாவே வந்துடுச்சு ஆன்ட்டி. வர வர வகுப்புல நான்தான் முதல்ல கை தூக்குவேன். யார் கண்ணு எங்க போகுது, யார் யாரைத் தொடறாங்க, எல்லாம் பிடிச்சுடுவேன். வீட்டுலயும் அப்படித்தான் ஆயிப்போச்சு. படிக்கறதுக்குக் காதுல இயர்போனை மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பேன், வீடே சத்தமில்லாம ஓடும். அக்கா தொட்டிலிலிருந்து பாப்பாவைத் தூக்குவாங்க. குளிப்பாட்டுவாங்க. பருப்பு சாதம் பிசைஞ்சு ஊட்டுவாங்க. ஊட்டிக்கிட்டே என் பக்கம் திரும்பிப் பார்த்து மாமியார்கிட்ட ஏதோ சொல்லுவாங்க. மாமியார் தலையாட்டுவாங்க. என்னைப் பத்தித்தான். வேற யாரைப் பத்திப் பேசப் போறாங்க, அந்த வீட்டுல இருக்கறதே மூணு பேரு.

இயர்போனைக் கழட்டியிருக்கலாம்தான். கழட்டினா என்ன காதுல விழுமோன்னு பயம்.

அப்புறம்தான் அந்தக் கோயம்புத்தூர் விஷயம். மிஸ்ஸோட தோழி அங்க ஒரு வகுப்பு நடத்தறாங்க. ஆளுக்கொரு நிமிஷம் வீட்டு வீடியோ எடுக்கணும், யாரும் பேசக் கூடாது. எங்களோடது அங்க போகும், அவங்களோடது இங்க வரும். இதுல அம்மா யாரு, அண்ணன் யாரு, பாட்டி யாருன்னு முன்பின் தெரியாதவங்க ஜெர்மன்ல கண்டுபிடிச்சுச் சொல்லணும். சொல்றதையும் வீடியோவா எடுத்து அனுப்புவாங்க. விளையாட்டு மாதிரிதான். எல்லாருக்கும் ஒரே குஷி.

நான் ரொம்ப மெனக்கெட்டு எடுத்தேன். மாமியார் நெத்திலி ஆயறது. அக்கா வாசல்ல பாப்பாவுக்குக் காக்கா காட்டறது. அக்கா மடியில பாப்பா. அக்கா தோள்ல பாப்பா. நானும் வரணும் இல்லையா, அதனால கடைசியில போனை அலமாரியில சாய்ச்சு வெச்சுட்டு, ரெண்டு டம்ளர் காபி கொண்டுவந்து வெச்சுட்டுப் போனேன். அதுவும் வந்திருந்தது.

பதில் வந்தப்ப வகுப்புல சுவர் முழுக்கப் போட்டாங்க. கண்ணாடி போட்ட ஒரு தம்பி. என் வீட்டுப் படத்தை நிறுத்தி வெச்சு, ஒவ்வொரு முகமா விரல் வெச்சுச் சொல்றான். அக்கா முகத்துல விரலை வெச்சான். "டாஸ் இஸ்ட் டி முட்டர்"னான். இவங்கதான் அம்மான்னு அர்த்தம். பின்னால நின்ன அத்தனை பேரும் தலையாட்டினாங்க. ஒருத்தர்கூடச் சந்தேகப்படலை ஆன்ட்டி. அப்புறம் நான் டம்ளரோட வர்ற இடத்துல நிறுத்தினாங்க. தங்களுக்குள்ள பேசிக்கிட்டு, விருந்தாளின்னாங்க. ஒரு பொண்ணு மட்டும் இல்லை இல்லை, பக்கத்து வீடுன்னா.

வகுப்பே சிரிச்சது. "நீ டம்ளரை வெச்ச லட்சணம் அப்படி, ரோஸ்லின். ஓட்டல்லகூட இன்னும் கொஞ்சம் ஆசையா வைப்பாங்க"ன்னு தாமரை என் தொடையைக் கிள்ளினா. நானும் சிரிச்சேன். மிஸ்தான் என் மூஞ்சியைப் பார்த்துட்டு, "எடுத்தவ படத்துல எப்படிம்மா வருவா? போனைப் பிடிச்சிருந்தது நீ. இதுக்குப் போய்..."ன்னாங்க. கேட்டுக்கிட்டேன். மனசுல ஏறலை. அந்தத் தம்பியோட விரல்தான் கண்ணுலயே நின்னது.

வீட்டுக்குப் போய் நானேதான் காட்டினேன். சிரிச்சுக்கிட்டே, தமாஷ் மாதிரி. மாமியார் கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாங்க. "பார்த்தியாடி ஆக்னஸ், ஊர் பேர் தெரியாதவனுக்கே தெரியுது, பிள்ளை யார் கையில இருந்தா நல்லா இருக்கும்னு." அக்கா, "சும்மா இரும்மா, வாய்க்கு வந்ததைப் பேசாத"ன்னாங்க. அதட்டித்தான் சொன்னாங்க. ஆனா உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்துட்டுப் போச்சு. மத்தவங்களா இருந்தா கவனிச்சிருக்க மாட்டாங்க. நான் கவனிச்சேன்.

அந்த வாரமே பாப்பாவோட அப்பா வீடியோ கால்ல வந்தார். "ரோஸி, நீ மட்டும் முதல்ல வா. ஒரு ரெண்டு வருஷம். நீயும் ஒரு வேலையில உட்கார்ந்துட்டா வீடு பார்த்துடலாம், அப்புறம் பாப்பாவைக் கூட்டிக்கலாம். இந்தக் குளிர்ல குழந்தையை வெச்சுக்கிட்டு நீ தனியா என்ன பண்ணுவ? அங்கதான் அக்கா இருக்காங்களே." மாமியார் பக்கத்துல உட்கார்ந்து, "அதானே, அதானே"ன்னாங்க. நான் சரிங்கன்னேன். ஆமா ஆன்ட்டி, சரின்னுதான் சொன்னேன். வேற என்ன சொல்றதுன்னு தெரியலை.

அக்கா கேட்டுக்கிட்டேதான் இருந்தாங்க. எழுந்து போய்க் கொடியிலிருந்து துணியை எடுத்துவந்து மடிக்க ஆரம்பிச்சாங்க. பாப்பாவோட ஒரு கவுனையே மடிக்கறாங்க, பிரிக்கறாங்க, மறுபடி மடிக்கறாங்க. ஒரு வார்த்தை பேசலை. வேணாம்டா தம்பி, தாயையும் பிள்ளையையும் பிரிக்காதன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? நானும் சொல்லலைதான். ஆனா நான் சின்னவ. வீட்டுக்கு வந்தவ. அவங்க அந்த வீட்டுப் பொண்ணு.

அதுக்கப்புறம் எனக்குப் பாடம் உள்ள போறதே இல்லை. எல்லாரும் பெயிலாயிடுவோமோன்னு பயந்தாங்க. நான் பாஸாயிடுவேனோன்னு பயந்தேன். பாஸானா விசா, விசான்னா விமானம், விமானம்னா இவளை அக்கா இடுப்புல விட்டுட்டுக் கையாட்டிட்டு நான் போகணும். இவ ஏற்கெனவே தூக்கத்துல "அத்த, அத்த"ன்னுதான் முனகறா. ரெண்டு வருஷம் கழிச்சுப் போன்ல என்னைப் பார்த்து யார் இதுன்னு கேட்பா. விருந்தாளின்னு சொல்லுவாங்க.

மிஸ் விடலை. "இன்னொரு வீடியோ எடு. இந்தத் தடவை நீ கேமராவுக்கு முன்னால வா. நீயும் உன் பொண்ணும், வேற யாரும் வேண்டாம்"னாங்க. எடுத்து அனுப்பினேன். அதே கோயம்புத்தூர் தம்பி, இப்ப என் முகத்துல விரலை வெச்சு அம்மான்னான். எல்லாரும் கை தட்டினாங்க. எனக்குத்தான் ஒண்ணும் ஆறுதலா இல்லை. ரெண்டு தடவையும் ஒரே மாதிரி நிச்சயமாத்தானே சொன்னான்?

தாமரைகிட்ட மட்டும் சொன்னேன். "நேரா உங்க அக்காகிட்டயே கேளேன்டி, எனக்குப் பிள்ளை வேணும்னு. வாயில என்ன கொழுக்கட்டையா?"ன்னா. அவளுக்கென்ன, ஆஸ்பத்திரியில டாக்டரையே எதிர்த்துப் பேசறவ. நான் கேட்கலை. வேற முடிவு பண்ணேன்.

உங்ககிட்ட சொல்றதுல என்ன இருக்கு, நீங்க யாரோ நான் யாரோ. பரீட்சை முடிஞ்சதும் நான் திருச்சிக்குத் திரும்பப் போகலை ஆன்ட்டி. செங்கல்பட்டுல எங்கம்மா வீடு. இப்படியே பாப்பாவைத் தூக்கிக்கிட்டு அங்க போயிடப் போறேன். விசா வந்தா ரெண்டு பேருக்கும் வரட்டும். இல்லைன்னா ரெண்டு பேருக்கும் வேண்டாம். வீட்டுல யாருக்கும் தெரியாது. நான் தாமரையோட பரீட்சைக்குப் போறேன், பாப்பா அக்காகிட்ட இருப்பான்னுதான் எல்லாரும் நினைச்சுக்கிட்டிருந்தாங்க.

பாப்பா படுக்கறது அக்கா பக்கத்துல. எப்படி எடுக்கறது, அழுதா என்ன பண்றதுன்னு ராத்திரி முழுக்க யோசிச்சுக்கிட்டே இருந்தேன். ஆண்டவர் கண்ணைத் திறந்தார் பாருங்க. ஞாயிறு தவிர பூசைக்குப் போகாத அக்கா இன்னைக்குன்னு பார்த்து முதல் பூசைக்குக் கிளம்பிட்டாங்க. "கதவை ஒருக்களிச்சு வெச்சுட்டுப் போறேன், பாப்பா முழிச்சா பார்த்துக்க"ன்னு என்கிட்டயே சொல்லிட்டுப் போனாங்க. மாமியார் நல்ல தூக்கம். நான் பாப்பாவை அள்ளிக்கிட்டு, பையை மாட்டிக்கிட்டு, செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு வெளியில வந்தேன். தெரு முக்குல திரும்பறப்ப கோயில் மணி அடிச்சது. எனக்குன்னே அடிச்ச மாதிரி உயிரே போயிடுச்சு.

இன்னொண்ணு சொல்றேன், இதைக் கேட்டா உங்களுக்கே பயமா இருக்கும். விருத்தாசலம் தாண்டினதும் இவ அழ ஆரம்பிச்சா. மூஞ்சியைத் துடைக்கத் துணி எடுக்கலாம்னு பையைத் திறந்தேன். நேத்தே நானே என் கையால அடுக்கி, கட்டிலுக்கடியில ஒளிச்சு வெச்ச பை. மேலாப்புல இவளோட மஞ்சள் துண்டு இருக்கு. அதை மோந்துக்கிட்டாத்தான் இவ தூங்குவா. நான் வைக்கலை. ஆறவெச்ச வெந்நீர் ஒரு பாட்டில். ரஸ்க். கிரைப் வாட்டர். எதுவுமே நான் வைக்கலை ஆன்ட்டி. அக்காவுக்குத் தெரிஞ்சிருக்கு. என் பையைத் திறந்து பார்த்திருக்காங்க. நான் ஒளிச்சு வெச்சதையெல்லாம் வேவு பார்த்திருக்காங்க. ரயில்ல எதிர் சீட்டுல யார் வந்து உட்கார்ந்தாலும் இவங்க அனுப்பின ஆளோன்னு பார்த்துக்கிட்டே வந்தேன்.

இன்னும் இருக்கு. இதோ பாருங்க, அடியில ஒரு ஸ்வெட்டர். கம்பளி ஸ்வெட்டர், குல்லாவோட. ரெண்டு சைஸ் பெருசு. இவளுக்கு இப்ப போட்டா முட்டிக்குக் கீழ தொங்கும். அடுத்த வருஷத்துக்குத்தான் சரியா இருக்கும். அப்ப பாருங்க, அடுத்த வருஷமும் இவ அவங்ககிட்டதான் வளரப் போறாங்கற நினைப்பு...

என்ன ஆன்ட்டி?

ஆமா. திருச்சியில எங்க குளிருது. மார்கழியிலகூட ஃபேன் இல்லாம முடியாது.

தெரியலை. ஜெர்மனிக் குளிருக்குன்னு நான் யோசிக்கலை. கடையில வாங்கினதா? இல்லை, பின்னினதுதான். கழுத்துப் பட்டியைப் பாருங்க, அது அக்கா கைதான். ஊட்டி முடிச்சுட்டு நான் படிக்கறப்ப எதிர்ல உட்கார்ந்து ஏதோ பின்னிக்கிட்டுத்தான் இருப்பாங்க. என்ன பின்றீங்கன்னு நான் கேட்டதில்லை. காதுல இயர்போன் இருக்கும்.

முழிச்சுட்டா. ஒண்ணும் இல்லைடா தங்கம், அம்மாதான், அம்மாதான். இந்தா உன் துண்டு.

என் பேரையா கூப்பிடறாங்க? அதுக்குள்ளயா? தாமரை இன்னும் வரலையே. ஆன்ட்டி, எனக்கு ஒரு உதவி பண்றீங்களா? ரெட்டை ஜடை, உயரமா, சத்தமா பேசிக்கிட்டு வருவா, அவதான் தாமரை. அவ வர்ற வரைக்கும் பாப்பாவை வெச்சுக்கங்க. கீழ விட்டுடாதீங்க, ஓடிடுவா. யார் வந்து கேட்டாலும் கொடுக்காதீங்க. போனும் உள்ள கூடாதாம், இதையும் வெச்சுக்கங்க.

அழுதா இந்த வீடியோவைப் போட்டுக் காட்டுங்க, அடங்கிடுவா. சத்தம் வைக்க வேண்டாம், எதுவும் பேசியிருக்க மாட்டோம். நான்தான் இது, மிஸ் சொன்னதுக்காக எடுத்தது. பாருங்க, முழுக்க நான்தான் தூக்கி வெச்சிருக்கேன். எவ்வளவு சிரிப்பு பாருங்க. கேமராவையே பார்த்துப் பார்த்துச் சிரிக்கறா.

யாரைப் பார்த்தா?

அக்காவை. அக்காதான் எடுத்தாங்க. வேற யார் இருக்கா எடுக்கறதுக்கு? போனைப் பிடிங்கக்கான்னேன், பிடிச்சாங்க. கை வலிச்சிருக்கும். நான் போதும்னு சொல்ற வரைக்கும் பிடிச்சுக்கிட்டேதான் நின்னாங்க.

வர்றேன் சார், ரோஸ்லின் நான்தான், இதோ வந்துட்டேன்.

ஆன்ட்டி, மறுபடி போன் அடிக்குது பாருங்க. எடுங்க. நான் மேல போனதும் எடுங்க. பாப்பா துண்டோட இருக்கா, ரஸ்க் சாப்பிட்டான்னு சொல்லுங்க. ஸ்வெட்டரைப் பார்த்துட்டேன்னு சொல்லுங்க. அப்புறம் அவங்க என்ன சொல்றாங்கன்னு, ஒரு வார்த்தை விடாம கேட்டு வைங்க. நான் வந்து கேட்டுக்கறேன்.